பி.காமும் சுற்றுலாவும் – கடிதம்

ஆச்சிக்கு வணக்கம்,

எங்கள் ஊர் ஆத்தங்குடி. அப்பா தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறார். பிளஸ் டூவில் காமர்ஸ் முடித்துவிட்டேன். வணிகவியலும் சுற்றுலா மேலாண்மையும் சேர்ந்த பட்டம் ஒன்றில் இடம் கிடைக்கும்போல இருக்கிறது. மாமாவோ, "அது ரெண்டுங்கெட்டான் படிப்பு, வெறும் பி.காம் சேர், பேங்க் பரீட்சை எழுதலாம்" என்கிறார். எங்கள் பட்டறைக்கு வெளியூர்க்காரர்கள் வண்டி வண்டியாக வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், சிலர் தாங்களே ஒரு கல் ஊற்றிப் பார்க்கிறார்கள். அப்பா அவர்களுக்குக் காய்ந்த கல் ஒன்றைச் சும்மாவே கொடுத்தனுப்புவார். எனக்கு அவர்களோடு பேசுவது பிடிக்கும். என்ன செய்யட்டும்?

வ., ஆத்தங்குடி

அன்புள்ள வ.,

படிக்கிற பிள்ளை, நீ என்றே எழுதுகிறேன். தாராளமாகச் சேர்.

மாமாவின் பயத்துக்கு முதலில் பதில். பேங்க் ஆபீசர் பரீட்சைக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும், அந்த வழி அடைபடாது. சி.ஏ. என்கிற பட்டயக் கணக்காளர் படிப்பின் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் ஒன்று பார்த்துக்கொள்: வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் என்கிற முதல் பரீட்சை எழுதாமல் நேரே இன்டர்மீடியட் என்கிற அடுத்த கட்டத்துக்குப் போகலாம், நீ வாங்கப்போவது அந்தக் கணக்கில் வருமா என்று சேர்வதற்கு முன்னாலேயே கேள். அப்புறம் பாடத்திட்டத்தை வாங்கிப் படி. அடக்கவிலைக் கணக்கு, வருமான வரி, ஜி.எஸ்.டி. மூன்றும் முழுசாக இருக்க வேண்டும். விமான டிக்கெட் போடுவதற்கு இடம்விட்டு இவற்றைக் குறைத்திருந்தால் மாமா சொன்னதுதான் சரி, அந்தப் படிப்பு வேண்டாம்.

உன் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் அந்தச் "சும்மா". ஒரு கல்லுக்குக் கண்ணாடியைத் துடைத்து, சட்டம் வைத்து, அச்சுக்குள் ஒவ்வொரு நிறமாகச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை அசங்காமல் தூக்கி, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கும் மேல் கலவை போட்டு மட்டம் பிடிக்கிறார்கள். தெரிந்த கைக்கு அது சில நிமிஷம். வந்தவருக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தால் அரை மணி போய்விடும், அந்த அரை மணியில் உங்கள் பட்டறை ஆள் எத்தனை கல் போட்டிருப்பார்? அவர் கூலி எவ்வளவு, நிறம் எவ்வளவு, உடைகிற கண்ணாடி எவ்வளவு? இதை எழுதிக் கூட்டத் தெரிவது உன் பி.காம். அந்தத் தொகையை வருகிறவர் மனம் கோணாமல் கொடுக்கும்படி நிழலில் உட்கார வைத்து, கதை சொல்லி, அவர் ஊற்றிய கல்லையே நீரில் ஊறப்போட்டு உலர்த்தி அவர் ஊருக்கு அனுப்பிவைப்பது சுற்றுலா மேலாண்மை. ரெண்டுங்கெட்டான் எங்கே இருக்கிறது இதில்?

நான் பட்டதையும் சொல்கிறேன். எங்கள் பங்காளி வீடு ஒன்றில் இரண்டாம் கட்டு அறைகளைச் சீர்செய்து விருந்தாளிகளுக்கு விட்டோம். சமையல் பொறுப்பு எனக்கு. மார்கழி, தையில் அறை கிடைக்காது, வந்த பணத்தை வீட்டில் பங்குள்ள அத்தனை புள்ளிக்கும், அதாவது அத்தனை குடும்பத்துக்கும், அவ்வப்போது பிரித்துக் கொடுத்துவிட்டோம். சித்திரை, வைகாசியில் ஈ காக்காய் இல்லை. ஆனால் சமையலாள் சம்பளமும் கரண்டு பில்லும் நிற்குமா? ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றவும் காசில்லை. தேய்மானத்துக்கு, அதாவது வீடும் சாமானும் பழசாவதற்கு, என்று ஒரு பைசா ஒதுக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் வருஷம் முகப்பைப் பூட்டிவிட்டு வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. உபசரிப்பில் ஒரு குறையும் இல்லை அம்மா, கணக்கில்தான் வீடு போயிற்று.

வரியையும் பார். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 7,500 ரூபாய் அறைக்கு விருந்தாளி மொத்தம் 7,875 கொடுப்பார், நூறு ரூபாய் கூட்டி 7,600 என்று போட்டால் 8,968. ஆனால் 5 சதவீதத்தில் இருந்தால் நீ வாங்கிய பெயிண்டுக்கும் மெத்தைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. எது லாபம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். இதை உட்கார்ந்து போட்டுப் பார்க்கிற ஆள் நம் செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்கும் வேண்டும், தேவகோட்டைக்கும் வேண்டும்.

இந்த இரண்டும் கலந்த படிப்பு சரிப்படவில்லையென்றாலும் வழி இருக்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் அனுமதித்துவிட்டது. கல்லூரியில் பி.காம் படித்துக்கொண்டே இக்னோ என்கிற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாவைத் தொலைநிலையில் படிக்கலாம். செலவு குறைவு, உழைப்பு கூட.

பர்மா, மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன நம்மவர்கள் பெட்டியடிப் பையனாக, கடைநிலை உதவியாளாக, உட்கார்ந்துதான் தொழில் கற்றார்கள், அப்புறம்தான் அடுத்தாள், அதற்கும் மேலே கடைப் பொறுப்பாளரான மேலாள். நீயும் இந்தக் கோடை விடுமுறையில் அப்பா பட்டறையில் ஒரு நோட்டுப் போடு. யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், எத்தனை கல் சும்மா போயிற்று என்று தினமும் எழுது. பாடத்திட்டம் கைக்கு வந்ததும் அந்த நோட்டோடு வீட்டுக்கு வா, எங்கள் அப்பச்சி எழுதிய, சொத்தும் கடனும் காட்டும் ஐந்தொகைக் கணக்கு ஒன்று பெட்டகத்தில் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன்.