கிளேரில் ஒரு பாட்டியைத் தேடி

அன்புள்ள ஐயா,

என் கணவர் அயர்லாந்துக்காரர். டப்ளினில் இருக்கிறோம். அவருடைய கொள்ளுப்பாட்டி 1891 வாக்கில் கிளேர் கவுண்டியில் பிறந்தவர், அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்து வயது மகள் "அந்தப் பாட்டி யாரும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். 1922 தீயில் ஆவணமெல்லாம் போய்விட்டது என்கிறார்கள். தேடிப் பயன் உண்டா?

ஒரு வாசகி, டப்ளின்

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாக உண்டு.

தீ உண்மைதான். உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று, டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கு ஏடுகள் பெரும்பாலும் அதில் அழிந்தன. அடுத்த நான்கு கணக்குகளை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் 1901, 1911 தாள்கள் தப்பிவிட்டன. உங்களுக்கு வேண்டியவை அவைதான். தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். கிளேரில் ஓப்ரையன்களும் மெக்னமாராக்களும் ஏராளம், வீட்டுக்கு வீடு ஒரு மேரி. உங்களுக்குத் தேவை டவுன்லேண்டின் பெயர். சில வயல்களும் சில வீடுகளும் சேர்ந்த சின்ன நிலப்பிரிவு அது. கிளேரில் மட்டும் 2,000-க்கும் மேல் உண்டு. பாட்டியின் திருமணப் பதிவை எடுங்கள். அவர் இருந்த இடம், அப்பா பெயர், அப்பா செய்த தொழில் மூன்றும் அதில் இருக்கும். அப்புறம் 1901 தாளுக்குப் போங்கள். அதில் பாட்டிக்கு உங்கள் மகளின் வயதுதான்.

அந்தத் தாளை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக்காரரின் கையெழுத்து இருக்கும். எழுதத் தெரியாதவர் என்றால் ஒரு பெருக்கல் குறி. யாருக்கு ஐரிஷ் தெரியும் என்று ஒரு கட்டம். பெரியவர்கள் பெயருக்கு எதிரே "ஐரிஷ், ஆங்கிலம்" என்றிருக்க, பிள்ளைகளின் கட்டம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒரு மொழி ஒரே வீட்டுக்குள் நின்றுபோன இடம் அது. 1911-இல், பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை என்றும் கேட்டார்கள். நான் பார்த்த ஒரு தாளில் 9, பக்கத்தில் 6. நெடுநேரம் அந்தப் பக்கத்தை மூட முடியவில்லை.

வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 1909 முதல் 70 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தது. அதைப் பெற வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. 1901-க்கும் 1911-க்கும் இடையே, பத்தே ஆண்டில் 15 வயது கூடிய தாத்தாக்களை அந்தத் தாள்களில் நிறையப் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் போக, வரிக்காக எடுத்த கிரிஃபித் நிலமதிப்பீடு இருக்கிறது. கிளேருக்கு அது 1855-இல் வெளியானது. நிலம் வைத்திருந்தவர் பெயர்தான் இருக்கும், மனைவி மக்கள் பெயர் இருக்காது. அவர்களுக்குக் கத்தோலிக்கத் தேவாலயங்களின் ஞானஸ்நான ஏடுகள் இருக்கின்றன. தேசிய நூலகம் 2015-இல் அவற்றை இணையத்தில் ஏற்றிவிட்டது. தாயின் பிறந்த வீட்டுப் பெயரும், ஞானப் பெற்றோர் பெயரும் பெரும்பாலும் இருக்கும். ஞானப் பெற்றோரை விட்டுவிடாதீர்கள், அநேகமாக அவர்கள் அத்தையோ மாமாவோதான்.

டவுன்லேண்ட் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். 1855 வரைபடத்தில் அந்த வீடு எங்கே என்று சேர்ந்தே பார்ப்போம்.