நமத்துப் போகாத கல்கல், நனையாத பொட்டலம்

மயிலாடுதுறை வாசகி ஒருவரின் கேள்வி: "போன கிறிஸ்துமஸுக்கு 12 வீடுகளுக்குக் கல்கல், அச்சு முறுக்கு, பிளம் கேக் மூன்றையும் கண்ணாடித் தாளில் பொதிந்து, ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். இரண்டே நாளில் கல்கல் நமத்துவிட்டது. தாளெல்லாம் எண்ணெய்க் கறை. ஒரு வீட்டில் கேக்கின் அடியில் பூஞ்சை பூத்திருந்ததாம். இந்த முறை பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும், ஒரு வாரமாவது கெடாமலும் இருக்க வேண்டும். பளபளப்புத் தாள் வாங்க விருப்பமில்லை. என்ன செய்யலாம்?"

உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. டிசம்பரில் காவிரிப் படுகை முழுக்க வடகிழக்குப் பருவமழையின் ஈரம் நிற்கும். காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும் நாட்களும் உண்டு. மைதாவும் சர்க்கரையும் சேர்ந்த எதுவும் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கண்ணாடித் தாளை முறுக்கி ரிப்பன் கட்டிய இடம் எவ்வளவு இறுக்கமாகத் தெரிந்தாலும் காற்று போய்வரும். ஆகவே ஒன்றை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்: பலகாரத்தைக் காப்பது உள்ளே இருக்கும் டப்பாவின் வேலை, கண்ணுக்கு அழகு தருவது வெளிப் பொதியின் வேலை. இரண்டையும் ஒரே தாளிடம் ஒப்படைக்காதீர்கள்.

கல்கல் நமப்பதற்கு இன்னொரு காரணம் உள்ளேயே இருக்கும் ஈரம். பலர் இதைக் கவனிப்பதில்லை. எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மாவிலுள்ள சர்க்கரை சட்டென்று சிவந்துவிடும். வெந்தது என்று நினைத்து எடுத்துவிடுவோம். நடுவில் தங்கிய ஈரம் மறுநாள் மெல்ல வெளியே வந்து மொத்தத்தையும் மெத்தென்று ஆக்கிவிடும்.

அளவு இது: மைதா 500 கிராம், வறுத்த ரவை 50 கிராம், பொடித்த சர்க்கரை 125 கிராம், உருக்கிய வெண்ணெய் 50 கிராம், முட்டை ஒன்று, உப்பு அரை டீஸ்பூன், கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லி வரை. பாலை ஒரேயடியாக ஊற்றாமல், பூரி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசைய எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் சேருங்கள். ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் வைத்த பிறகு, சுண்டைக்காய் அளவு உருட்டி, முள்கரண்டியின் பின்புறத்தில் வைத்து அழுத்திச் சுருட்டுங்கள். சுருள் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்தால் நடுப்பகுதி வேகாது. எண்ணெய்ச் சூடு 160 முதல் 170 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் துளி மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் தங்கி, மூன்று நான்கு நொடி கழித்து நிதானமாக மேலே வந்தால் சரி. போட்டதும் சீறிக்கொண்டு எழுந்தால் அடுப்பைக் குறைக்க வேண்டும். ஆறியதும் ஒன்றை உடையுங்கள். 'படக்' என்று உடைந்து, உள்ளே ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் அந்த ஈடு முழுவதையும் சிறு தீயில் இன்னொரு முறை பொரித்தெடுங்கள். ஓர் அளவுக்கு ஏறக்குறைய 800 கிராம் வரும். வீட்டுக்கு 200 கிராம் என்றால் 12 வீட்டுக்கு மூன்று அளவு செய்ய வேண்டியிருக்கும்.

அச்சு முறுக்குக்கும் சூட்டுக் கணக்கு இதேதான். மாவு அச்சை விட்டுக் கழல மறுத்தால் அச்சு போதுமான அளவு காயவில்லை, அல்லது அச்சின் மேல் விளிம்பையும் தாண்டி மாவு ஏறிவிட்டது. முக்கால் பங்குக்கு மேல் முக்காதீர்கள். இது மூன்றிலும் சீக்கிரம் நொறுங்கக்கூடியது என்பதால் கடைசி நாளில் செய்து, பட்டர் பேப்பர் இடையிட்டு, அகலமான டப்பாவில் இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் வையுங்கள்.

பலகாரம் எண்ணெய் வடிந்து, கை வைத்தால் கொஞ்சமும் வெதுவெதுப்புத் தெரியாதபடி ஆறிய பிறகே மூடி போட வேண்டும். அதற்காக ராத்திரி முழுவதும் திறந்து போட்டுவைப்பதும் தவறு. ஆறிய நிமிடத்திலிருந்து அது காற்றின் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும். திருகு மூடி போட்ட 500 மில்லி கண்ணாடி பாட்டில் 200 கிராம் கல்கலுக்குப் பொருத்தமாக இருக்கும். பழைய பாட்டில் என்றால் மூடியை முகர்ந்து பாருங்கள். ஊறுகாய் வாசம் மூடியின் உள்வளையத்தில்தான் ஒளிந்திருக்கும். கழுவியும் போகாவிட்டால் அந்த மூடி வேண்டாம். வெயில் இல்லாத நாட்களில் கழுவிய பாட்டிலை மின்விசிறிக்கடியில் ஓர் இரவு முழுக்கத் திறந்தே காயவையுங்கள். உணவுக்கென்று விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் சிறியது ஒன்று போட்டால் நல்லது, "இதைத் தின்னக் கூடாது" என்று சீட்டிலும் எழுதிவிடுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடென்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேக்கின் அடியில் பூஞ்சை வந்தது, சமதளத் தட்டில் ஆறவைத்ததால் இருக்கலாம். ஆவி வெளியேற வழியில்லாமல் அடியிலேயே வேர்த்துவிடும். கம்பி வலை இல்லையென்றால் துளையுள்ள இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். குறைந்தது ஆறேழு மணி நேரம் ஆற வேண்டும். பிறகு முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் அலுமினியத் தாள். இந்த வரிசை முக்கியம்: ரம்மிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊறிய பழத்தின் புளிப்பு அலுமினியத்தை நேரே தொட்டால் தாள் அரித்து ஓட்டை விழும். ரம் சேர்க்காத கேக்கை மூன்று நான்கு நாளில் சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள், அதற்குமேல் வைப்பதென்றால் ஃபிரிட்ஜில். வெல்லம் சேர்த்த கடலை உருண்டையும் தேங்காய் பர்பியும் இந்த மாதப் பரிசுக்கு ஏற்றவை அல்ல. முன்னது கசியும், பின்னது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

இனி வெளிப் பொதி. நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் அருமையான பொருள் வாழைச்சருகு. திருவையாறு, கும்பகோணம் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் மரத்திலேயே காய்ந்து தொங்கும் சருகை அறுத்துத் தருவார்கள். ஈரத்துணியால் இருபுறமும் துடைத்து, நடுநரம்பை நீக்கி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வைத்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் தேயுங்கள். சுருக்கம் நீங்கி, பழுப்பில் மெல்லிய கோடுகள் ஓடும் தாள் போல ஆகிவிடும். இந்தச் சூடுதான் சருகில் மிஞ்சிய ஈரத்தையும் எடுக்கிறது. தேய்க்காமல் சுற்றினால் சருகிலேயே பூஞ்சை பிடிக்கும். பாட்டிலின் வெளிப்புறத்தில் மட்டும் சுற்றுங்கள், பலகாரத்தின் மேல் நேராகப் படவேண்டாம்.

கட்டுவதற்கு, பூக்கட்டுபவர்களிடம் கிடைக்கும் வாழைநார் போதும். காய்ந்த நாரை வளைத்தால் ஒடியும், பத்து நிமிடம் தண்ணீரில் போட்டால் நூலாக வளையும். துணியில் ஒற்றி எடுத்த பிறகே கட்டுங்கள், இல்லையென்றால் தாளில் கறை ஏறும்.

அட்டைப் பெட்டியைக் காக்கித் தாளில் பொதிவதென்றால் ஒரு கணக்கு. தாளின் அகலத்துக்குப் பெட்டியின் சுற்றளவோடு 3 செ.மீ. கூட்டுங்கள், நீளத்துக்குப் பெட்டியின் நீளத்தோடு உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. 20 செ.மீ. நீளம், 15 அகலம், 8 உயரம் உள்ள பெட்டிக்கு 49-க்கு 32 செ.மீ. வரும். 50-க்கு 70 செ.மீ. தாள் ஒன்றில் இரண்டு பெட்டி முடிந்துவிடும். செய்தித்தாளை உணவின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அச்சு மையால் வரும் கேட்டைப் பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

காக்கித் தாளில் நட்சத்திரம் வேண்டுமா? ஐந்து வரி உள்ள முற்றல் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுவாய் ஐந்து முனை நட்சத்திரமாகவே இருக்கும். பிசுபிசுப்பைத் துணியில் ஒற்றி, பத்து நிமிடம் காயவிட்டு, ஸ்பாஞ்சில் தடவிய கெட்டியான போஸ்டர் கலரில் தொட்டு அச்சிடுங்கள். நேராகக் கலரில் முக்கினால் விதைக்குழிகள் நிரம்பி, நட்சத்திரம் வெறும் பொட்டாகிவிடும். பெட்டியைப் பொதிவதற்கு முன்பே அச்சிட்டுக் காயவைத்துக்கொள்ளுங்கள். பழைய பருத்திப் புடவைத் துண்டில் முடிச்சிடுவதும் அழகு. துணியின் மூலைக்கு மூலை நீளம் பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு வேண்டும்; மேலே சொன்ன பெட்டிக்கு 45 செ.மீ. சதுரம் போதும். பெரிய குடும்பத்துக்கு மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதென்றால், கொள்ளிடம் அருகே தைக்காலில் விற்கும் பிரம்புக் கூடை உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. ஸ்டேப்ளர் பின்னை எதிலும் குத்தாதீர்கள். பலகாரத்துக்குள் விழுந்தால் ஆபத்து.

நாள் கணக்கு: பொதித்தாளும் சீட்டும் 18-ஆம் தேதிக்குள், கேக் 21, கல்கல் 22, அச்சு முறுக்கு 23 காலை, அன்று மாலையே கொடுக்கத் தொடங்குங்கள்.

அண்டை வீட்டார் எல்லோரும் முட்டை சாப்பிடுபவர்கள் அல்லர். ரம் சேர்ந்ததைத் தொடாத வீடுகளும் நம் தெருவில் உண்டு. அவர்களுக்காக முட்டைக்குப் பதில் மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் கூட்டித் தனியாக ஒரு கல்கல் ஈடு போடுங்கள். புது எண்ணெயில் அதையே முதலில் பொரியுங்கள். முட்டை மாவு பிறகு. ஒவ்வொரு சீட்டிலும் செய்த தேதி, மைதா, முட்டை, முந்திரி, ரம் ஆகியவற்றில் சேர்த்தது எது என்று தெளிவாக எழுதுங்கள். கீழே இன்னொரு வரி: "நமத்தால் கனமான தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் ஐந்து நிமிடம் புரட்டி, ஆறவிட்டுச் சாப்பிடவும்."