பூர்தோனுக்கு அந்தப் பதவி எப்படி வாய்த்தது?

மதிப்பிற்குரிய ஐயா,

கியூபெக்கின் தொடக்ககாலக் குடியேறிகளைப் பற்றிய கட்டுரையில், ழான் பூர்தோனை நில அளவையாளர் என்றும் 1663இல் அரசரின் தலைமை வழக்குரைஞர் ஆனவர் என்றும் எழுதியிருந்தீர்கள். அளவைக்காரருக்கு அந்தப் பதவி எப்படிக் கிடைத்தது? அதற்கு அவர் தகுதியானவர்தானா?

வாசகர், காரைக்கால்

அன்புள்ள வாசகருக்கு,

பூர்தோன் 1634இல் கியூபெக்கில் வந்திறங்கியது பொறியாளராகவும் அளவையாளராகவும்தான். 1641இல் அவர் வரைந்த ஆற்றங்கரை வரைபடம் இன்றும் இருக்கிறது. சுமார் 3,000 பிரெஞ்சுக்காரர்களே வாழ்ந்த, வழக்குகளில் பெரும்பகுதி நிலத்தையும் கடனையும் சுற்றியே எழுந்த ஒரு குடியேற்றத்தில், யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று அறிந்தவரைச் சட்ட அதிகாரி ஆக்கியதில் வியப்பில்லை. ஆயர் லவாலின் நம்பிக்கையும் அவருக்கு இருந்தது; குடியேற்றத்தில் நீதி வழங்க அமைக்கப்பட்ட உச்ச மன்றத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்ததில் ஆயரின் கையே ஓங்கியிருந்தது. (உங்கள் பக்கத்துப் புதுச்சேரியில் 1701இல் இதே வகை மன்றம் நிறுவப்பட்டபோதும், நீதி வழங்க அமர்ந்தவர்கள் கம்பெனி வணிகர்களே.)

தகுதி என்று வரும்போதுதான் எனக்குத் தயக்கம். குடியேறிகளின் வணிகக் கணக்குகளைத் துருவுவதற்காக 1660இல் பிரான்சிலிருந்து அனுப்பப்பட்ட பெரோன் துமெனில், பாரிஸ் நீதிமன்றத்தில் பழகிய அசல் வழக்கறிஞர். அவர் குற்றம் சாட்டியவர்களில் பூர்தோனும் ஒருவர், மன்ற உறுப்பினர் வில்லரேயும் ஒருவர். மன்றம் முதன்முதலில் கூடியது 1663 செப்டம்பர் 18. இரண்டே நாளில், தலைமை வழக்குரைஞர் என்ற முறையில் பூர்தோன் கோர, துமெனிலின் ஆவணங்களைக் கைப்பற்ற ஆணை பிறந்தது. அன்று மாலையே வில்லரேயும் பூர்தோனும் படைவீரர்களோடு அவர் வீட்டுக்குள் புகுந்து காகிதங்களை அள்ளிச் சென்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவரே சோதனைக்குப் போன இந்தச் செயலுக்கு, அவருடைய பக்தியையும் உழைப்பையும் புகழ்கிறவர்கள் என்ன சமாதானம் சொன்னாலும் என் மனம் ஒப்பவில்லை. துமெனில் அந்த இலையுதிர் காலத்திலேயே பிரான்சுக்குக் கப்பலேறினார்.

ஆளுநர் மேசியோடு நடந்த மோதலில் மட்டும் நான் பூர்தோன் பக்கம். 1664 பிப்ரவரியில் மேசி அவரையும் வில்லரேயையும் ஆயரின் இசைவின்றி நீக்கினார். ஆனால் அரசர் சார்பில் வழக்கு நடத்த ஆளில்லாமல் மன்ற வேலை முடங்கவே, மார்ச்சில் ஷார்த்தியே தெ லோபினியேரைப் பதிலாளாக அமர்த்த வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் பூர்தோனைப் பிரான்சுக்கே அனுப்பிவிட்டார். மறு ஆண்டு மே மாதம் மேசி இறந்துபோனார். திரும்பிவந்த பூர்தோன் பழைய பதவியைப் பெற்று, 1668 ஜனவரியில் இறக்கும்வரை அதில் இருந்தார்.