வக்கீல் பதில்கள்

கேள்வி: வக்கீல் அண்ணாச்சி, கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதியில் சுயேச்சையாக நிற்கப் போகிறீர்களாமே? டெபாசிட் போய்விடாதா?
- ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஆமாம், நிற்கிறேன். தூத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா குழித்துறைக்கு என்னைத் தேடி வந்தார். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் கவருக்குள் வங்கிப் புத்தகம், பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. காணாமல் போனவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்க 7 ஆண்டு தகவலே இல்லாமல் இருக்க வேண்டும். அதுவரை பிள்ளைகளின் படிப்பு காத்திருக்குமா? 2023-ல் புதிய சாட்சியச் சட்டம் வந்தபோதும் அந்த 7 அப்படியே இருந்தது. கடலோரத் தொழிலாளிக்கு அதைக் குறைக்க வேண்டும். அதைத் திருத்தும் இடம் நாடாளுமன்றம்தான், குழித்துறை கோர்ட் அல்ல.

டெபாசிட் 25,000 ரூபாய். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் திரும்பக் கிடைக்கும். போனால் போகட்டும், கட்டிவிடுவேன்.

அப்புறம், அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் வேண்டும். முதல் கையெழுத்தை அந்த அம்மாவே போட்டுத் தந்தார்.