குரோமியம் மாத்திரை: கேட்டீர்கள், சொல்கிறேன்

பினாங்கில் இருபது வருடம் மருந்துக் கடை கவுண்டரில் நின்றவள் நான். சர்க்கரை நோய்க்கும் எடை குறையவும் நல்லது என்று சொல்லப்படும் குரோமியம் மாத்திரைப் பாட்டிலை விற்றும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் ஓப்பனாகவே பேசலாம்.

அக்கா, குரோமியம் என்றால் மோட்டார் சைக்கிளில் பளபளக்கும் முலாம்தானே? அதையா விழுங்குகிறார்கள்? (ஜெலுத்தோங் தம்பி)

உலோகம் அதேதான், வடிவம் வேறு. சாப்பாட்டிலும் மாத்திரையிலும் இருப்பது மூன்று இணைதிறன் (மற்ற அணுக்களோடு பிணையும் அளவு) கொண்டது. முலாம் பூசும் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் வகைதான் நஞ்சு; அதன் ஆவியைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும்.

என் வீட்டுக்காரருக்குப் பத்து வருடமாக இனிப்பு நீர். ஒருவர் வந்து, 180 ரிங்கிட் குரோமியம் பாட்டிலை வாங்கிச் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாம் என்கிறார். (பட்டர்வொர்த் அம்மா)

நிறுத்த விடாதீர்கள் அம்மா. இந்தப் பேச்சு கிளம்பிய இடத்தைச் சொல்கிறேன். 1959-ல் ஷ்வார்ஸ், மெர்ட்ஸ் என்ற இருவர், எலிகளின் உடல் சர்க்கரையைக் கையாள ஈஸ்ட்டில் இருந்த குரோமியம் உதவுகிறது என்றார்கள். 1977-ல் ஒரு பெண்மணியின் கதை வெளியானது. வருடக்கணக்கில் நரம்பு வழியாகவே உணவு ஏற்றப்பட்டவர். அந்தத் திரவத்தில் குரோமியம் போதவில்லை. சர்க்கரை ஏறியது, எடை இறங்கியது, நரம்பும் கெட்டது. குரோமியம் சேர்த்ததும் தேறினார். உங்கள் வீட்டுக்காரர் சோறும் சப்பாத்தியும் சாப்பிடுகிறவர், அவர் நிலை வேறு. பிறகு நடந்த சோதனைகளில் சிலவற்றில் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது, சிலவற்றில் அசையவே இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் இதை வழக்கமாக எடுக்கச் சொல்வதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்போ 2014-ல், இது உடலுக்கு அவசியம் என்பதற்கே போதிய ஆதாரம் இல்லை என்றுவிட்டது.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? எதில் கிடைக்கும்?

அமெரிக்கர்கள் 2001-ல் வைத்த அளவு, ஐம்பது வயதுவரை ஆண்களுக்கு 35 மைக்ரோகிராம், பெண்களுக்கு 25. அரை கப் புரோக்கோலியில் ஏறக்குறைய 11 இருக்கிறது. முழுக் கோதுமை, இறைச்சி, திராட்சைச் சாறு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. எவர்சில்வர் சட்டியில் புளி ஊற்றி மீன் குழம்பு வைத்தால் சட்டியிலிருந்தே சிறிது குரோமியம் இறங்கும். (எங்கள் அம்மா மண்சட்டியை விடவே இல்லை, அது வேறு கதை.) மாத்திரையில் 200 முதல் 1000 வரை அடைத்திருப்பார்கள், உடல் உறிஞ்சுவது நூற்றில் இரண்டரைகூட இராது.

எடை குறையுமா?

சராசரியாக ஒரு கிலோ சொச்சம், அதுவும் உறுதியில்லை. தே தாரிக் டீயில் இனிப்புக் கெட்டிப் பாலைக் குறைத்துப் பாருங்கள்.

தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா?

ஒன்றாக வேண்டாம். மாத்திரையில் வழக்கமாக இருக்கும் குரோமியம் பிகோலினேட் என்ற வகை, தைராய்டு மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். மூன்று நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். சிறுநீரகம், ஈரல் பலவீனமானவர்கள் தொடவே வேண்டாம். நாளுக்கு 600 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ எடுத்துச் சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு.

வாங்கிவிட்டேனே அக்கா, என்ன செய்ய?

பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்ற மலேசிய மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா பாருங்கள். எண்ணின் கடைசியில் ‘என்’ (N) எழுத்து இருந்தால் உடல்நலத் துணைப்பொருளாகப் பதிவானது, நோயைத் தீர்க்கும் மருந்தாக அல்ல. அடுத்த முறை கிளினிக்கில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்க்கப் போகும்போது பாட்டிலையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.