நாற்பதைத் தாண்டியவர் சைக்கிளில் கொல்லிமலை ஏற முடியுமா?

தாராளமாக முடியும். நீங்கள் ஊருக்குள் தினமும் ஓட்டிப் பழகியவர், மலை என்றதும் வீட்டில் ‘இந்த வயதில் இதெல்லாம் தேவையா’ என்று ஆரம்பித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு வயது 47. நானும் அதே பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போனேன்.

நாமக்கல்லில் இருந்து இருட்டோடு கிளம்பினேன். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரை மலை கிடையாது. அங்கே வேகம் காட்டிக் கால் பலத்தைத் தீர்த்துவிடாதீர்கள். அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். எல்லா வளைவும் ஒன்று இல்லை. சாலையின் இடப்பக்கம் போகும் நமக்கு, இடப்புறம் திரும்பும் வளைவில் உள்விளிம்புதான் கிடைக்கும். சில அடி தூரம் செங்குத்தாக நிற்கும். எழுந்து நின்று மிதித்தால்தான் சக்கரம் நகரும். வலப்புறம் திரும்பும்போது வெளிவிளிம்பு வரும், ஏற்றம் தணியும். நான் மூச்சை மீட்டுக்கொண்டதெல்லாம் அங்கேதான். என் சைக்கிளில் முன்னால் சிறிய பல்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் பெரியதற்கும் 34. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. அந்த அளவுக்காவது இறங்கும் கியர் இல்லாமல் இந்த மலைக்குப் போக வேண்டாம்.

சில இடங்களில் இறங்கித் தள்ளினேன். ‘தள்ளினால் ஏறியதாகக் கணக்கில்லை’ என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். போடட்டும். நான் பந்தயத்துக்குப் போகவில்லை. கடல் மட்டத்தில் இருந்து 1,000 மீட்டருக்கு மேலே, மலைமேல் இருக்கும் சோளக்காடு ஊருக்கு என் காலை நம்பிப் போய்ச் சேர்ந்தேன். அங்கே நின்று தின்ற அன்னாசிப்பழத்தின் ருசி காரில் போனவர்களுக்குக் கிடைத்திருக்காது.

ஏற்றத்தில் என்னை வாட்டியது களைப்பு அல்ல, எதிரே வந்த கார்கள். அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளே சொல்கின்றன. எத்தனை பேருக்குத் தெரியும்? ஹாரனை அழுத்திக்கொண்டே என் பக்கத்துக்கு வந்தார்கள். பஸ் ஓட்டுநர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வளைவு முழுவதும் தேவை; சத்தம் கேட்டதும் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

இரவு தங்கிய விடுதியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கூரைக்குக் கீழே இரண்டு கார்களுக்கு நடுவில் இடம் இருந்தும் சைக்கிளை வெளியே மழையில் நிறுத்தச் சொன்னார்கள். வாடகை மட்டும் காரில் வந்தவர் கொடுத்த அதே வாடகை! இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனால் இன்றும் ஆறவில்லை. அறை எடுக்கும் முன்பே சைக்கிளுக்கு இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பயப்பட வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடித்துவிடலாம். பிடித்துப் பிடித்து விடுங்கள். நான் அடிக்கடி நிறுத்தி, ரிம்மைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகே நகர்ந்தேன். மாற்று டியூபும் காற்றடிக்கும் பம்பும் கையோடு இருக்கட்டும். நடுமலையில் பஞ்சர் கடையைத் தேட முடியாது.