மோட்டாரை மாற்றுமுன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கிணற்றில் 5 எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலில்) மோட்டார் ஓடுகிறது. இரண்டு முறை காயில் கட்டியாயிற்று. தண்ணீர் முன்போல் வருவதில்லை. மின்சாரமோ இலவசம். மின்சிக்கன ஸ்டார் முத்திரை போட்ட புது மோட்டாருக்குக் காசு போடத்தான் வேண்டுமா?
- ஒரு விவசாயி, காங்கயம்

பதில்: முதலில் அளந்து பாருங்கள். டெலிவரி வாயில் 200 லிட்டர் டிரம்மை வைத்து, நிரம்பும் நேரத்தைக் குறியுங்கள். 40 விநாடி என்றால் விநாடிக்கு 5 லிட்டர். மோட்டார் ஓடும்போது நீர்மட்டத்திலிருந்து டெலிவரி வாய் வரை உயரம் 20 மீட்டர் என்று வைப்போம். 5 × 20 × 9.81 = 981 வாட். தண்ணீரைத் தூக்கிய சக்தி இவ்வளவுதான். அடுத்து எலக்ட்ரீஷியனிடம் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். மூன்று பேஸிலும் 7 ஆம்பியர், 400 வோல்ட், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் வேலைக்காகும் பங்கு) 0.8 எனில் மோட்டார் இழுப்பது சுமார் 3,900 வாட். நாலில் ஒரு பங்குதான் வேலையாகியிருக்கிறது. நல்ல மோட்டார்-பம்பு செட் 45 சதவீதமாவது தரும்.

குறை மோட்டாரில்தான் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். புட்வால்வில் (உறிஞ்சும் பைப்பின் அடி வால்வு) பாசியும் சருகும் அடைத்திருக்கலாம், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். பைப்பையும் பாருங்கள்: அதே தண்ணீர் 2 அங்குலத்துக்குப் பதில் இரண்டரை அங்குலப் பைப்பில் போனால் உராய்வு இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். காயில் கட்டியதிலும் கோளாறு இருக்கலாம். பழைய கம்பியை உருவுவதற்காகத் தீயில் காட்டினால் மோட்டாருக்குள் இருக்கும் இரும்புத் தகடுகளின் காப்புப் பூச்சு கருகும். கணக்குக்கு மெல்லிய கம்பியைச் சுற்றினால் சூடு ஏறும். இரண்டிலும் கரண்ட் வீண்.

புதிதுதான் என்று முடிவானால் தயவுசெய்து மறுபடி 5 எச்.பி. வாங்காதீர்கள். இதே தண்ணீருக்கு 3 எச்.பி. போதும். நம் பாறைக் கிணறுகளில் ஊற்று ஊறுகிற வேகம் மோட்டாரைப் பார்த்து மாறாது. கூடுதலாக இறைத்தால் கிணறுதான் சீக்கிரம் வற்றும்.

மின்சாரம் இலவசம் என்கிறீர்கள். பில் வராவிட்டாலும் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறதே! 45 சதவீதம் தரும் செட் போட்டு இழுப்பு 3,900 வாட்டிலிருந்து 2,200 ஆனால், நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்ற கணக்கில் 2,040 யூனிட் மிச்சம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஆக ஒரு கிணற்றில் மட்டும் ஆண்டுக்கு 1.4 டன். உங்களுக்கும் ஆதாயம் உண்டு. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் தோட்டங்கள் எல்லாம் இழுப்பைக் குறைத்தால் வோல்டேஜ் தொய்வு குறையும், காயில் எரிவதும் குறையும்.

கேள்வி: நிட்டிங் யூனிட்டில் மிஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் கம்பரசர் இரவு பகலாக ஓடுகிறது. வேரியபிள் டிரைவ் (தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மாட்டினால் பில் குறையுமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: குறையலாம், ஆனால் காற்று ஒழுகலை அடைத்த பிறகு. ஒரு ஞாயிறு எல்லா மிஷினையும் நிறுத்தி, லைன் வால்வுகளைத் திறந்தே வைத்துக் கம்பரசரை மட்டும் ஓட்டுங்கள். லோடில் (காற்றை அழுத்தியபடி) 1 நிமிடம், அன்லோடில் (அழுத்தாமல் சும்மா) 3 நிமிடம் என்று மாறி மாறி ஓடினால் கம்பரசர் திறனில் கால்வாசி ஒழுகலுக்கே போகிறது. 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்றே ஏறக்குறைய 3 கிலோவாட்டைத் தின்றுவிடும். கப்ளிங், ஹோஸ் கிளாம்ப், டிரெயின் வால்வு ஆகியவற்றில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

பிறகு அழுத்தத்தைக் கால் பார், கால் பாராக இறக்குங்கள். எந்த மிஷின் முனகுகிறதோ அங்கே நிறுத்துங்கள். 1 பார் குறைந்தால் 6 முதல் 7 சதவீதம் மிச்சம். கம்பரசர் உறிஞ்சும் காற்று 4 டிகிரி சூடேறினாலே 1 சதவீதம் கூடுதலாக இழுக்கும். ஆகவே காற்றை வெளியிலிருந்து, நிழல் பக்கமாக எடுங்கள். இத்தனைக்கும் பிறகு மிஷின்கள் ஓடும்போதும் கம்பரசர் நெடுநேரம் அன்லோடில் சும்மா சுற்றினால், டிரைவ் போட்ட காசைத் திருப்பித் தரும்.